கடற்கரைக்கு வந்த லைட்டர்

திருக்கழுக்குன்றத்து டீக்கடை வாசலில், சில்லறை எடுப்பதற்காக பேண்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டார் புருஷோத்தமன். கையோடு வெளியே வந்தது வீட்டுச் சமையலறையின் கேஸ் லைட்டர்.

சாலவாக்கம் தாண்டியதிலிருந்தே தொடையில் ஏதோ குத்திக்கொண்டுதான் இருந்தது. தானியேலின் வாடகைக் கார் பழசு, சீட்டு ஸ்பிரிங்தான் குத்துகிறது என்று நினைத்து வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாங்க அது கையில?" காருக்குள்ளிருந்தபடி கேட்டாள் மனைவி திலகா.

"பேனா."

முக்கால் அடி நீளப் பேனாவை அவர் அவசரமாகப் பாக்கெட்டுக்குள் திணித்தார். அதே நேரம் டீக்கடைக்காரர் அடுப்பின் குமிழைத் திருக, நீல நெருப்பு பக்கென்று எழும்பியது. புருஷோத்தமன் பாக்கெட்டை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார்.

லைட்டர் இங்கே இருக்கிறது. அப்படியானால் அடுப்பின் குமிழ்?

புருஷோத்தமனுக்கு வாலாஜாபாத் அரிசி ஆலை ஒன்றில் எடை மேடை உத்தியோகம். பொங்கலுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்த நாளிலிருந்து அவருக்குச் சர்க்கரை இல்லாத டீதான். அந்தச் சட்டத்தைப் போட்டவள் திலகா. காவலும் அவளே. சர்க்கரை டப்பா இருக்கும் பக்கம் அவர் திரும்பினாலே கூடத்திலிருந்து ஒரு கனைப்பு வரும்.

நேற்று இரவு ஒன்பது மணிக்குத் திடீரென்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"நாளைக்கு மகாபலிபுரம் போறோம். மில்லுக்கு லீவு சொல்லிடுங்க."

"இன்னா திடீர்னு?"

"பூஜாவுக்கு காலேஜ் தொறக்கப் போவுது. இந்த வெயிலுக்கு ஒரு தபா கூட கடலப் பாக்கலன்னா எப்டி? நாஷ்டா, சோறு எல்லாம் வெளியதான். நாளைக்கு நான் அடுப்பாண்டயே போவ மாட்டேன்."

புருஷோத்தமன் உடனே சம்மதித்தார். கடல் மேல் உள்ள ஆசையால் அல்ல. கிளம்புகிற அவசரத்தில் சமையலறைக்குக் காவல் இருக்காது என்று கணக்குப் போட்டார்.

கணக்கு சரியாகவே இருந்தது. விடியற்காலை ஐந்தரைக்குத் திலகா தலை வாரிக்கொண்டிருந்தபோது, அவர் பூனை மாதிரி உள்ளே நுழைந்து, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, குமிழைத் திருகி, லைட்டரை அழுத்தினார். டிக். பற்றவில்லை. அந்த லைட்டர் வயசானது. இருபது முறை அழுத்தினால்தான் ஒரு முறை பற்றும். பதினான்காவது டிக்கில் வாசலில் தானியேல் ஹாரன் அடித்தான். பதினைந்தாவது டிக்கில் திலகாவின் கொலுசுச் சத்தம். பாத்திரத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, கையில் இருந்ததோடு வெளியே பாய்ந்து, காரில் ஏறி, நல்ல பிள்ளையாக உட்கார்ந்துவிட்டார்.

இப்போது யோசித்துப் பார்த்தார். வலது கையில் லைட்டர். இடது கையில் பாத்திரம். குமிழை மூட மூன்றாவது கை ஒன்று வேண்டும். அது அவருக்கு இல்லை.

ஆக, காலை ஐந்தரையிலிருந்து கேஸ் கசிகிறது. கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திருடனுக்குப் பயந்து திலகா தன் கையாலேயே சாத்தி, இரண்டு முறை இழுத்தும் பார்த்திருந்தாள்.

அவளிடம் சொல்லிவிடலாம். ஆனால் கேஸை ஏன் திறந்தீர்கள் என்று கேட்பாள். டீ போட என்றால், என்ன டீ என்று கேட்பாள். அதற்கு வீடே வெடித்தாலும் பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது.

கடைக்குப் பின்னால் போய் எதிர்வீட்டு ஐசக்குக்கு போன் போட்டார்.

ஐசக் வயரிங் வேலை செய்பவன். உதவி என்று கேட்டால் பாதியில் விடத் தெரியாதவன். ஒரு பல்பு மாட்டித் தரச் சொன்னால், வீடு முழுக்க வயரைப் பிடுங்கிப் புதுசு போட்டுவிட்டுத்தான் ஏணியை விட்டு இறங்குவான்.

"ஐசக்கு, சின்ன உதவிப்பா. எங்க வூட்டு ஜன்னலாண்ட போயி கேஸ் வாசன வருதான்னு பாரு. அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாது."

"அக்காவாண்ட மூச்சு வுட மாட்டேண்ணா. ஆனா எனக்கு ரெண்டு நாளா ஜலுப்பு. மூக்கு ரெண்டும் அடைச்சிக்கினு கீது."

"அப்போ வேற யாரையாவது இட்டுக்கினு போயி மோந்து பாக்கச் சொல்லு."

அதுதான் அன்றைக்கு அவர் சொன்ன முதல் யோசனை. அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

ஐசக் இட்டுக்கொண்டு போனது சிட்டம்மாளை. அப்பளம் போட்டு விற்கும் சிட்டம்மாளுக்கு, யார் வீட்டில் என்ன குழம்பு என்பது தாளிப்பதற்கு முன்பே தெரியும் என்று உத்திரமேரூரில் அந்தத் தெரு முழுக்க நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அவளுக்கும் இருந்தது.

கார் மகாபலிபுரத்துக்குள் நுழையும்போது போன் அடித்தது. பக்கத்தில் திலகா.

"யாரு?"

"மில்லுல இருந்து," என்று சொல்லிவிட்டு எடுத்தார்.

"அண்ணா, வாசன வருதாம்!" என்றான் ஐசக். "சிட்டம்மாக்கா ஜன்னல் இடுக்குல மூக்க வெச்ச ஒடனே சொல்லிடுச்சி. கம்முனு வருதாம்!"

"அப்டியா," என்றார் புருஷோத்தமன், வியர்வையைத் துடைத்தபடி. "எத்தினி மூட்டை இருக்கும்?"

"இன்னா மூட்டை?"

"லோடு அதிகமா கம்மியான்னு கேக்கறேன்."

"அண்ணா, நான் ஐசக்கு பேசறேன்."

"தெரியுது. லாரிய உள்ளாரயே வெச்சி மூடாதீங்க. காத்தோட்டமா வுடுங்க."

"எந்த லாரி?" பிறகு ஐசக்கின் குரல் ரகசியமாகியது. "ஓ! அக்கா பக்கத்துல கீறாங்களா?"

"ஆமா, ஆமா."

"புரிஞ்சிபோச்சிண்ணா. லாரின்னா வூடு. மூட்டன்னா கேஸு. அண்ணா, லாரிக்குள்ளார ஃபிரிட்ஜ் ஓடிக்கினு கீதே! அதுல ஒரு பொறி பறந்துச்சின்னா உன் லாரி, என் லாரி, சிட்டம்மாக்கா லாரி எல்லாம் சேந்து காலி!"

புருஷோத்தமன் போனை மறு காதுக்கு மாற்றினார். "அப்போ... எடை மேடைக்கு கரண்ட நிறுத்திடுங்க."

போனை வைத்ததும் திலகா கேட்டாள். "கரண்ட நிறுத்திட்டா எடை எப்டிப் போடுவாங்க?"

"அதான் பேஜாரா கீது," என்றார் அவர், உண்மையாகவே.

சுவிட்சை அணைத்தாலும் பொறி பறக்கும் என்பது வயரிங்காரனுக்குத் தெரியாதா? அதனால் ஐசக் சுவிட்சைத் தொடவில்லை. தெரிந்த லைன்மேனைக் கூப்பிட்டுத் தெருவுக்கே கரண்டை எடுக்கச் சொல்லிவிட்டான். மே மாதத்து ஒன்பது மணி வெயில். இருபத்திரண்டு வீடுகளில் ஃபேன் நின்றது. இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் விசிறியும் பனியனுமாகத் தெருவுக்கு வந்து, இன்னா, இன்னா என்றார்கள். புருஷோத்தமன் வீட்டில் கேஸ் என்றான் ஐசக். அதுவரை யாருக்கும் வராத வாசனை, அவன் சொன்ன பிறகு தெருக்கோடி வரைக்கும் வந்தது.

"எனக்கு காத்தால இருந்தே தலை சுத்திக்கினு இருந்துச்சி, இதான் போல," என்றார் ஒருவர்.

யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று ஐசக் வீடு வீடாகப் போய் அடுப்புகளை அணைத்தான். எங்கும் சோறு அரை வேக்காட்டில் நின்றது. குழந்தைகளும் ஆடுகளும் ஏரிக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள்.

மகாபலிபுரத்தில் கடல் நன்றாக இருந்தது. திலகாவும் அன்றைக்கு அதைவிட நன்றாக இருந்தாள். அலை வந்தால் கத்தினாள், அலை போனால் சிரித்தாள். மிளகாய் பஜ்ஜி வாங்கித் தின்றாள். கல்யாணமான இருபத்திமூன்று வருடத்தில் அவளை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லையே என்று நினைத்தபோது, சாயங்காலம் அவள் வீடு இருந்த இடத்தில் என்ன பார்க்கப் போகிறாளோ என்று அவருக்கு அழுகை வந்தது.

போன் மகள் பூஜாவிடம் இருந்தது. அவள்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மணல் தெறிக்க ஓடி வந்தாள்.

"நைனா, ஐசக் மாமா போன்ல கீறாரு. லாரி மேல ஏறட்டுமான்னு கேக்கறாரு."

திலகா திரும்பினாள். "ஐசக்கு எப்போ மில்லு வேலைக்குப் போனாரு?"

"இன்னிக்குத்தான்," என்றார் புருஷோத்தமன், போனைப் பிடுங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நடந்தபடி.

"அண்ணா, முன் ஜன்னல் கண்ணாடிய ஈரச் சாக்கு சுத்தி ஒடச்சிட்டோம்," என்றான் ஐசக். "காத்து பத்தல. சமையக்கட்டு ஜன்னலு பலகை போட்டுக் கீது, அசைய மாட்டேங்குது. அதான் மேல ஏறி ஒரு ஷீட்ட மட்டும் கயட்டிட்டா, கேஸு ஜம்முனு மேல போயிடும்."

சமையலறைக்கு மேலே போட்டிருந்தது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போட்டுப் பதினைந்து வருடம். காக்காய் உட்கார்ந்தாலே முனகும்.

"ஏறாத!" என்று கத்தினார் புருஷோத்தமன்.

பின்னால் ஓர் அலை வந்து இரைந்தது.

"இன்னாண்ணா? ஏறவா?"

"ஏறாதய்யா! ஏறாத!"

இன்னோர் அலை.

"சரிண்ணா, ஏறிட்டேன்!"

பிறகு போனுக்குள் மடமடவென்று ஒரு சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து பாத்திரங்கள் உருளும் சத்தம். அதைத் தொடர்ந்து ஒன்றுமே இல்லை. அப்புறம் தூரத்தில் பல குரல்கள்.

"ஐயையோ, உள்ளார வுய்ந்துட்டான்!"

"ஜன்னல் வயியா பாரு! செவப்பா கீது! தல பூரா ரத்தம்!"

"ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுங்கப்பா!"

புருஷோத்தமன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் நின்ற இடம் கடல். அடுத்த அலை அவர் தலைக்கு மேல் போனது. அது திரும்பிப் போகும்போது போனையும் கொண்டு போனது.

திலகாவும் பூஜாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்தார்கள்.

ஐசக்கின் நம்பர் போனுக்குள் இருந்தது. போன் கடலுக்குள் இருந்தது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் திலகாவுடையது. அவள் எதிரிலேயே நின்றாள். ஐசக்கின் மனைவி நிஷாவுக்கு என்ன பதில் சொல்வது? மூன்று கரண்டி சர்க்கரைக்காக உன் புருஷனைக் கொன்றுவிட்டேன் என்றா?

"திலகா, வூட்டுக்குப் போலாம்."

"அஞ்சு மணிக்கு முன்னாடி நான் வர மாட்டேன்."

"தலை சுத்துது. படபடன்னு வருது."

திலகா அவர் முகத்தைப் பார்த்தாள். வெளிறிப்போயிருந்தது. "சக்கரை கொறஞ்சிருக்கும்," என்றாள். "பூஜா, ஓடு. கரும்புச்சாறு வாங்கியா. பெரிய கிளாஸா."

ஐந்து மாதமாக அவர் கனவில் மட்டுமே குடித்து வந்த இனிப்பு, அவள் கையாலேயே வந்தது. ஒன்றல்ல, இரண்டு கிளாஸ். நாக்கில் ருசியே தெரியவில்லை. மருந்து போல விழுங்கினார்.

"இப்போ போலாமா?"

"ரெண்டு கிளாஸு குடிச்சிட்டு ஒக்காந்தா சக்கரை ஏறிக்கும். நடங்க."

மணி நான்காகும் வரை, கொதிக்கிற மணலில், கலங்கரை விளக்கத்துக்கும் கோயிலுக்கும் இடையே புருஷோத்தமன் நடத்தப்பட்டார்.

திரும்பும் வழியில் அவர் மைல்கற்களை எண்ணிக்கொண்டு வந்தார். செங்கல்பட்டு வந்தது, போயிற்று. சாலவாக்கம் வந்தது. உத்திரமேரூர் எல்லையில் புகை தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். இல்லை. தெருமுனையில் கார் திரும்பியது.

தெரு நிறைய ஜனம். நடுவில் பந்தல் மாதிரி ஒரு தார்ப்பாயைக் கட்டியிருந்தார்கள். அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில், கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்தி, தலை சாய்ந்து, ஐசக்.

"ஐசக்கு!" என்று கதறிக்கொண்டு காரிலிருந்து குதித்தார் புருஷோத்தமன். ஓடிப் போய் அவன் காலடியில் விழுந்தார். "என்னை மன்னிச்சிடுப்பா! நான் பாவிப்பா!"

பிணம் தும்மியது.

"வந்துட்டியாண்ணா," என்று கண்ணைக் கசக்கியது. "ஊசி போட்டாங்க, தூக்கம் தூக்கமா வருது. எனக்கு ஒண்ணும் ஆவல. நேரா அக்காவோட மாங்கா ஊறுகா ஜாடி மேல வுய்ந்தேன். அதப் பாத்துட்டு ரத்தம்னு சொல்லி, ஆம்புலன்சுல ஏத்தி, ஆஸ்பத்திரியில ரெண்டு பேரு என்னைத் தொடச்சி எடுத்தாங்க. கண்ணுதான் எரியுது. ஆனா மூக்கு தொறந்துடுச்சிண்ணா!"

புருஷோத்தமன் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார். ஊறுகாய் வாசனை கும்மென்று அடித்தது. உலகத்தில் அதைவிட நல்ல வாசனை எதுவும் அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

"அதவுடு," என்றான் ஐசக், கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தி. "உள்ளார வுய்ந்து எய்ந்திரிச்ச ஒடனே நான் இன்னா பாத்தேன் தெரியுமா? குமிழு முழுசா தொறந்து கீது! முழுசா! என் கையாலதான் மூடினேன். அண்ணன் மட்டும் கடலாண்ட நின்னுக்கினு கண்டுபுடிச்சிச் சொல்லலன்னா, இன்னிக்கு நம்ம தெருவே இல்ல!"

கூட்டம் கை தட்டியது. யாரோ ஒரு துண்டை அவர் தோளில் போர்த்தினார்கள். காலையிலிருந்து ஃபேன் இல்லாமல், சோறு இல்லாமல் கிடந்தவர்கள், உயிர் தப்பிய சந்தோஷத்தில் அவரை மாறி மாறிக் கட்டிப்பிடித்தார்கள். சிட்டம்மாள் தட்டில் கற்பூரம் கொண்டு வந்தாள். தீக்குச்சியை எடுத்ததும் இருபத்திரண்டு குடும்பமும் "பத்த வெக்காத!" என்று ஒரே குரலில் அலறியது. அவள் கற்பூரத்தைப் பற்றவைக்காமலே மூன்று சுற்று சுற்றித் திருஷ்டி கழித்தாள்.

அப்போதுதான் புருஷோத்தமன் திலகாவைப் பார்த்தார். அவள் வாசலில் நின்று உடைந்த ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே போய் கூரையில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். ஓட்டைக்கு நேர் கீழே, சுவரோடு சுவராக அப்பியிருந்த அந்த வருடத்து ஊறுகாயைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள்.

இனி மறைப்பதற்கு ஒன்றுமில்லை. தோளில் போர்த்திய துண்டு கொடுத்த தைரியத்தில் அவர் அவள் எதிரே போய் நின்றார்.

"திலகா, எல்லாம் என்னாலதான். காத்தால திருட்டுத்தனமா டீ போட வந்தேன். மூணு கரண்டி சக்கரை போட்டேன். லைட்டரு பத்தல. அவசரத்துல குமிழ மூடாம வந்துட்டேன். இன்னா வோணா திட்டிக்கோ."

பூஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"வுடுங்க," என்றாள் திலகா, மெல்லிய குரலில். "டீ தானே."

புருஷோத்தமனுக்குத் தன் காதை நம்ப முடியவில்லை. வுடுங்க என்ற வார்த்தை அவளுக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. அவள் கண் கலங்கியிருந்தது. அவரை நிமிர்ந்து பார்க்கக்கூட முடியாமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரு தெருவையே காப்பாற்றிய மனிதனின் பெண்டாட்டிக்கு வருகிற பெருமிதம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அவர் வாசலுக்கு வந்தார். கூட்டம் அமைதியானது. ஏதாவது பேசச் சொன்னான் ஐசக். துண்டைச் சரி செய்துகொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"கேஸு விசயத்துல நம்ம எல்லாருமே கவனமா இருக்கணும்," என்று ஆரம்பித்தார். "இன்னிக்கு மட்டும் அந்த சிலிண்டரு வெடிச்சிருந்தா..."

"வயி வுடுங்க, வயி வுடுங்க!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு, தோளில் சிவப்பு சிலிண்டரோடு உள்ளே வந்தார் கேஸ் கம்பெனி ஆள். அதைத் தொம்மென்று வாசற்படியில் இறக்கி வைத்தார். நெற்றி வியர்வையை வழித்து உதறிவிட்டு, புருஷோத்தமனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அம்மா, நேத்து ராத்திரி தீந்துபோன காலி சிலிண்டர எடுத்தாங்க! நாளைக்கு சாயங்காலந்தான் லோடு வரும்னு நான் சொன்னதும், அப்போ புக் பண்ண மறந்தது வூட்டுக்காரருக்குத் தெரியாம எல்லாரையும் இட்டுக்கினு பீச்சுக்குப் போயிடறேன்னீங்களே... பீச்சு சோக்கா இருந்துச்சா?"